மீன் குறி போட்ட கோப்பை

தண்டவாளமே இல்லாத அந்தமானில் ரயில் கோப்பை சேர்த்தவர் எங்கள் மாமு ஒருவர்தான். ஜங்லிகாட் பகுதியில் இருந்த அவருடைய டீக்கடை அலமாரி நிறைய, வெள்ளைக்காரன் காலத்து ரயில் கம்பெனிகளின் நீல முத்திரை போட்ட பீங்கான். மெட்ராஸ் கப்பலில் வருகிறவர்கள் பழைய சாமான் கடைகளில் பொறுக்கிவந்து கொடுப்பார்கள். மாமு முத்திரையைப் பார்க்கமாட்டார். கவிழ்த்து அடியைத்தான் பார்ப்பார்.

மாமுவும் அவர் தம்பியும் கடலோர ஸ்டேஷன் ஒன்றின் சாப்பாட்டு அறையில் வேலை பார்த்தவர்கள். உடைத்தது யார் என்று சண்டை வராமலிருக்க, ஆளுக்கொரு குறியைக் கோப்பை அடியில் கீறி வைப்பார்களாம். தம்பியின் குறி மீன். ஒரு புயலில் கடல் அந்த ஸ்டேஷனையே கொண்டுபோனது. மாமு அன்று லீவு. தம்பியின் உடல் கிடைக்கவில்லை. ஆகவே தம்பி எங்கோ இருக்கிறான் என்பது மாமுவின் கட்சி.

"கோப்பை கரையேறியிருந்தா அவனும் ஏறியிருப்பான்ல?" என்பார், ஒவ்வொரு கோப்பை அடியிலும் மீனைத் தேடியபடி.

மாமுவைச் சிரிக்கவைத்துப் பார்க்கலாம் என்று எட்டு வயது மேதாவியான எனக்குத் தோன்றியது. பித்தளைச் செம்பில் பெயர் வெட்டுகிறவர் பாணியில், புதிதாக வந்த கோப்பையின் அடியில் ஆணி வைத்து, கல்லால் தட்டி, ஒரு மீன் வெட்டினேன். முதலில் வெண்டைக்காய் மாதிரி இருந்தது. வால் வைத்ததும் மீனாகிவிட்டது.

மாமு கவிழ்த்துப் பார்த்தார். சிரிக்கவில்லை. மழை இருட்டிய பிற்பகல். கடையில் நாங்கள் இருவர்தான். அந்தக் கோப்பையில் டீ ஊற்றி, காலி பெஞ்சில் வைத்து, எதிரே உட்கார்ந்தார்.

"வாடா தம்பி. ஆறிப்போகுது, குடி."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அப்புறம் பார்த்தால், யாரும் தொடாத டீ இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு விரற்கடை. இன்னொரு விரற்கடை. நான் சாய்ந்திருந்த அலமாரியில் கோப்பைகள் கிணுகிணுத்தன. நடுங்கியது நான்தான் என்று நினைக்கிறேன்.

"மாமு... யாரு குடிக்கிறது?"

"சுப் ரே, பேசாதே! தாகத்தோட வந்திருக்கான்."

கடைசிச் சொட்டும் போனதும் மெல்லச் சொன்னார்: "உசிரோட இருக்கிறவன் இப்படி வந்து குடிக்கமாட்டான்."

நான் ஓடிய ஓட்டத்தில் ஒரு செருப்பு இன்றுவரை கிடைக்கவில்லை.

ஆணி பட்ட அடி விரிசல் விட்டிருக்கிறது, பெஞ்சுப் பலகை இடுக்கு வழியே டீ மண்தரைக்குப் போயிருக்கிறது என்பதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை மாமு வீட்டில், இறந்தவர்களுக்காக ஓதும் ஃபாத்திஹா ஓதினார்கள். "அதெல்லாம் மவுத்தானவங்களுக்கு" என்று அத்தனை காலமும் தம்பிக்கு ஓத விடாதவர், தானே சர்க்கரைச் சோறு பரிமாறினார். அடுத்த கப்பல் வந்தபோது யாரிடமும் கோப்பை கேட்கவில்லை.

சோறு பிரமாதம். இரண்டு தரம் வாங்கித் தின்றுவிட்டு, மூன்றாம் தரமும் மாமுவிடம் தட்டை நீட்டினேன், அவர் தம்பியைச் சாகடித்தது என் ஆணிதான் என்று தெரியாமல்.