முர்ஷித் விற்ற மூன்று இலைகள்

சபூறாவின் கைராசிக்குச் சாட்சி கேட்டால் சாய்ந்தமருதில் மரங்களே எழுந்து வரும். கொடி கட்ட அவள் ஊன்றிய கிளுவைக் கம்பு ஒரு கிழமையில் தழைத்து, காயப்போட்ட சாரனை இலைக்குள் ஒளித்துக்கொண்டது. விளக்குமாற்றை நிமிர்த்திச் சாத்தினால் ஈர்க்கு துளிர்த்துவிடும் என்று படுக்கப் போட்டே வைத்திருந்தாள். அவள் வீட்டு வாசலில் நிற்கும் மின்கம்பம் இன்னும் துளிர்க்காததற்குக் காரணம், அதை நட்டது அவளில்லை என்பது மட்டும்தான்.

ஆகையால் அந்த வீதியில் யார் புதுவீடு கட்டினாலும், குடிபோகும் நாளில் முற்றத்தின் முதல் தென்னம்பிள்ளையை அவள் கையால்தான் வைப்பார்கள். அவள் பிஸ்மி சொல்லி மண்ணைத் தள்ளவேண்டும். அப்படி முப்பத்தொரு முற்றங்கள். போகிற வழியில் ஒவ்வொரு மரத்தையும் அண்ணாந்து பார்த்துச் சுகம் விசாரிப்பாள். ஐம்பத்திரண்டு வயதுக்குள் ஊர் அவளுக்குக் கொடுத்திருந்த உத்தியோகம் அது ஒன்றே. முப்பத்திரண்டாவது, ஆசியா உம்மா தன் மகளுக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டில் வைக்கவிருந்தது. பெருநாள் கழிந்து முதல் வெள்ளி என்று நாளும் சொல்லியாகிவிட்டது.

இதற்கிடையில்தான் அவள் முர்ஷிதிடம் கன்று வாங்கினாள். முர்ஷித் அவளுடைய சாச்சி மகன். சாச்சி காய்ச்சலில் கிடந்த காலத்தில் அவனை இடுப்பில் வைத்துச் சோறு தீத்தி வளர்த்தவள் சபூறா. இப்போது சின்னப் பட்டா லொறியில் பூக்கன்று நிரப்பிக்கொண்டு மாவடிப்பள்ளி வரைக்கும் விற்றுத் திரிகிறான்.

“ராத்தா, இதுதான் ஸ்நேக் பிளாண்ட். வீட்டுக்குள்ள வைக்கிற கண்டு. வெயில் கேக்காது, தண்ணி கேக்காது. மாப்பிள்ளமாரப் போல கரைச்சல் குடுக்காது.”

“வேர் நல்லா இரிக்கா மனே?”

“வல்லாஹி ராத்தா, சட்டி நிறைய வேர். மண் காஞ்சா மட்டும் தண்ணி ஊத்துங்க. ஒரு வருசத்துக்குச் சட்டிய மட்டும் மாத்திராதீங்க. வேர் கலங்கிரும்.”

அல்லாஹ் மேல் ஆணையிட்டவனிடம் வேறென்ன கேட்பது? முழங்கை உயரத்தில் மூன்று இலைகள். வாள் போல நிமிர்ந்து, ஓரமெல்லாம் மஞ்சள் கரை. மண்டபத்து யன்னலோரம் வைத்தாள். அதை மாற்றி நட, மண்சட்டியொன்றில் அடியில் ஓட்டுத் துண்டு போட்டு, ஆற்று மணலும் தும்புத் தூளும் கலந்து ஆயத்தமாகவே வைத்திருந்தாள். இருந்தும் முர்ஷிதின் வாக்குக்காகத் தினவெடுத்த கையை மடியில் கட்டிக்கொண்டு இருந்தாள்.

முதலில் பார்க்க வந்தது ஆசியா உம்மா. “என்னகா இது! பொன் கரை வெச்ச சாறி மாதிரியெல்லோ நிக்கிது!” என்றார். கண் படாமலிருக்கச் சொல்லும் மாஷா அல்லாஹ்வைச் சொல்ல மறந்துவிட்டார்.

பத்தாம் நாள் ஓர் இலை சாய்ந்தது. கண்ணூறு என்று சபூறா தீர்மானித்துவிட்டாள். அன்றிலிருந்து விடியச் சுபஹு தொழுதுவிட்டு, ஒரு செம்புத் தண்ணீரில் ஆயத்துல் குர்ஸி ஓதி ஊதிச் சட்டியில் ஊற்றினாள். தண்ணீரைக் குறைக்கச் சொன்னது அவளுக்கு மறக்கவில்லை. ஆனால் ஓதிய தண்ணீர் தண்ணீர்க் கணக்கில் சேராது என்பது அவள் எண்ணம். ஒரு மாதத்தில் சாய்ந்த இலை சட்டி விளிம்பில் படுத்துவிட்டது. இரண்டாவதன் அடி களியாகி, நெத்தலிக் கூடை நாறுகிற மாதிரி நாறியது.

அந்த நாறலுக்குள் ஆசியா உம்மா மறுபடி வந்தார். சட்டியைப் பார்த்தார். தேத்தண்ணியைக் குடித்தார். ஒன்றும் கதைக்காமல் எழுந்து போனார். மையத்து வீட்டில் அழுகைக்கு நடுவிலும் வாய் மூடாத மனுசி அவர்.

குறித்த வெள்ளிக்கிழமை காலையில், சந்தைக்குப் போய்வந்த கணவர் றவூப் மீன் பையைக்கூட வைக்காமல் நின்றார்.

“இஞ்ச பாரு, கோவப்படாத. ஆசியா உம்மாட தென்னம்புள்ளய வைக்க முர்ஷிதக் கூப்பிட்டிரிக்காங்களாம்.”

“ஏனாம்?”

“உன்ட கை... பிசகிட்டாம்.”

சபூறா அழவில்லை. நேரே போய்ச் சட்டியைத் தூக்கி முற்றத்தில் கவிழ்த்தாள். தும்புத் தூள் கொட்டியது. வேரென்று ஒரு நூல்கூட இல்லை. கத்தியால் நேராக வெட்டிய மூன்று இலைகள், அடியில் சிவப்பு றப்பர் வளையம் போட்டுக் கட்டியிருந்தன. வேர் கலங்கிவிடும் என்று அவன் ஏன் அவ்வளவு கவலைப்பட்டான் என்பது அப்போதுதான் விளங்கியது.

அழுகிய இரண்டையும் வளையத்தோடு எடுத்துக்கொண்டு புதுவீட்டுக்கு நடந்தாள். குழி வெட்டியாயிற்று. முர்ஷித் தென்னம்பிள்ளையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“இந்தா மனே, உன்ட வேர்” என்று அவன் கையில் திணித்தாள்.

முர்ஷித் முழித்தான். “ராத்தா... வெட்டி வெச்சாலும் வேர் விடுற சாதிதான் இது. வேற ஆளுக்கு இப்பிடிக் குடுப்பனா? ஒங்கட கைராசிக்குக் கட்டாயம் விடும் எண்டு நம்பித்தானே தந்தன்!”

நின்றவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். ஆசியா உம்மா இலைகளைப் பார்த்தார், வளையத்தைப் பார்த்தார், சபூறாவின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“எனக்கென்னகா தெரியும்? புள்ளட வீடெல்லுவா, ஒரு பயம். சரி, வா. நீயே வை.”

“முப்பத்தொரு தென்னையக் கண்ட நீங்க, ஒரு சட்டியப் பாத்துப் பயந்திட்டீங்க. என்னட்ட ஒரு வார்த்த கேட்டிரிக்கலாம். அவன்ட வல்லாஹிய நான் நம்பினன், என்ட கைய நீங்க நம்பல்ல. நீங்க கூப்பிட்ட அவனே வைக்கட்டும் ராத்தா.”

திரும்பி வந்தாள். ஒருவரும் பின்னால் வந்து கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் போயிருப்பாளோ என்னவோ.

மூன்றாவது இலை இன்னும் உரமாக இருந்தது. அழுகல் தொட்ட ஓரத்தை வெட்டி, வெட்டு வாய் காய நாலு நாள் நிழலில் போட்டுவிட்டு, முன்பு ஆயத்தமாக வைத்திருந்த மண்சட்டியில் ஊன்றினாள். செம்பைத் தூர வைத்துவிட்டு வெறுமனே ஓதி ஊதினாள்.

நாலு மாதம் கழித்து மணலைப் பிளந்துகொண்டு ஒரு குட்டி வந்தது. மஞ்சள் கரையில்லை. முழுப் பச்சை. றவூப் குனிந்து பார்த்தார்.

“இது சாகாமம் பக்கம் காட்டுப் பத்தைக்குள்ள சும்மா முளைச்சிக் கிடக்கிற மருள் கண்டு மாதிரியெல்லோ இரிக்கி!”

“ஓம். இதுவும் என்ன ஏமாத்திட்டு” என்றாள் சபூறா. ஆனாலும் எறியவில்லை.

ஆசியா உம்மாவின் முற்றத்தில் தென்னம்பிள்ளை நன்றாகத்தான் வருகிறதாம். சபூறா அந்த வழியால் போகும்போது முப்பத்தொரு மரங்களையும் அண்ணாந்து பார்க்கிறாள். அந்த வீடு வந்ததும் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடக்கிறாள். வீட்டுக்கு வந்து அந்தப் பச்சைக் குட்டியை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிறாள். வேர் பிடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த கிழமையும் இழுத்துப் பார்ப்பாள்.