அடித்தண்ணீர்

எனக்குப் பயம் ஒன்றும் புதிதல்ல. பல்லி விழுந்தாலும் பயம், நேரம் கெட்ட நேரத்தில் ஃபோன் அடித்தாலும் பயம். ஆனால் அன்று அந்த மூன்று மீன்களும் செத்துவிடுமோ என்று நான் நடுங்கியது மீனுக்காக அல்ல. அவை செத்தால் என் மனுசன் திரும்பவும் போய் அந்தக் கதிரைக்குள் விழுந்துவிடுவார் என்றுதான்.

அவர் கடலட்டைக்கும் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கிற அழகு மீனுக்கும் சிலிண்டர் கட்டிக் கடலுக்குள் இறங்கியவர். ஒருநாள் ஆழத்தில் காற்றுக் குறைந்துவிட, இடையிடையே நின்று நின்று வரவேண்டியவர் ஒரேயடியாக மேலே வந்துவிட்டார். இரத்தத்தில் காற்றுக் குமிழி அடைத்துவிட்டதாம். உயிர் தப்பியது, வலது கால் மட்டும் சொல்வழி கேட்காமல் போனது. ஆஸ்பத்திரியால் வந்த நாளிலிருந்து முன்விறாந்தையில் ஒரு கதிரை, நாள் முழுக்க அதிலேதான் இருப்பு. துறைமுகம் தெரியாதபடி சுவரைப் பார்த்துப் போட்ட கதிரை. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார். ஏதாவது கேட்டால் ஓம், இல்லை, அவ்வளவுதான். நானும் அழுதேன், ஏசினேன், கெஞ்சினேன். எல்லாம் அந்தச் சுவருக்குச் சொன்னதுபோலத்தான்.

போன மாரி மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு ஹோட்டலை மூடினார்கள். அதன் முன் மண்டபத்துக் கண்ணாடித் தொட்டியில் இருந்த மீன்கள் இவர் பிடித்துக் கொடுத்தவை. கரண்ட்டை வெட்டப் போகிறார்கள், மிஞ்சி இருப்பதையாவது வந்து எடுங்கள் என்று காவலாளி ஃபோனில் சொன்னார். என் மனுசன் எழும்பினார். ஒருவரும் சொல்லாமல் தானாக எழும்பி, சவரம் செய்து, நல்ல சேர்ட்டைத் தேடிப் போட்டார். நான் குசினிக்குள் அடுப்படியில் போய் நின்று கொஞ்ச நேரம் அழுதேன்.

யாரிடமோ கேட்டுத் தொட்டி ஒன்று எடுத்தார். ஹோட்டல் தொட்டியின் கல்லையும் மணலையும் முதலில் கொண்டுவந்து அதற்குள் பரப்பினார். தண்ணீர் என் பொறுப்பு. கொழும்பில் மீன் வளர்ப்பவர்கள் உப்பு வாங்கிக் கரைத்துக் கடல்தண்ணீர் செய்வார்களாம். கடலை வாசலில் வைத்துக்கொண்டு உப்பு வாங்க எங்களுக்கு என்ன விசரா என்று இருவருமே சிரித்தோம். நான் பிளாஸ்டிக் கான்களை ஓட்டோவில் ஏற்றிப்போய், இறங்குதுறைப் படியில் குந்தியிருந்து அள்ளிவந்து தொட்டியை நிரப்பினேன். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருந்தது.

அவர் மூடிய வாளியோடு வந்தார். ஒரு சோடி கோமாளி மீன், ஒரு நீல மீன். மீனை எடுத்த எடுப்பில் புதுத் தண்ணீருக்குள் விடக்கூடாது, அதிர்ச்சியில் செத்துப்போகும் என்றார். தொட்டித் தண்ணீரை வாளிக்குள் துளித்துளியாக விட்டுப் பழக்கவேண்டும். அதற்காகப் பாமசியில் சேலைன் ஏற்றும் குழாய் வாங்கி வைத்திருந்தார். அந்தக் குழாயைக் கண்டதும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் அவருடைய கட்டிலுக்கு மேலே அப்படியொன்று சொட்டுவதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

குழாயின் ஒரு முனையைத் தொட்டிக்குள் விட்டு, மறுமுனையை வாயால் உறிஞ்சினேன். ஒரு வாய் தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. உப்புப் போட மறந்த சொதி மாதிரி இருந்தது.

நான் சொன்னதும் அவர் தொட்டியில் விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தார். பிறகு வாளியில். அவருடைய முகம் அந்த நேரம் போன போக்கை நான் மறக்கமாட்டேன். வாளியில் இருந்தது பழைய தொட்டித் தண்ணீர், வற்றி வற்றி உப்பு ஏறிப்போயிருந்தது. இங்கேயோ உப்பே இல்லை.

"மழைக்கு மகாவலி முழுக்கக் குடாவுக்குள்ள வந்திட்டுது. ஆத்துத் தண்ணி மேல மிதக்குது. கடல் கீழதான் கிடக்கு" என்றார்.

சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை எடுத்தார். எங்கே என்று கேட்டேன். கடலுக்குள் இறங்கி அடித்தண்ணீர் எடுக்க என்றார். வாசலை மறித்து நின்றேன்.

"உங்களுக்கு இனி ஏலாது."

இத்தனை வருசமும் அந்த வீட்டில் ஒருவரும் சொல்லாத சொல் அது. அவர் திரும்பி வாளியைப் பார்த்தார். வாளிக்குள் நீல மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. கடைசியில் கோலைச் சாத்திவிட்டு, இறங்காமல் மேலே இருந்தே எடுக்கிற வழியை எனக்குச் சொல்லித் தந்தார்.

அப்படித்தான் நான் அம்மிக்குழவியைக் கட்டிய சின்னக் கானோடு இறங்குதுறைக்குப் போனேன். கானின் வாயில் துணி அடைப்பு, அடைப்புக்கு வேறாக ஒரு கயிறு. இறங்குதுறைப் பலகை மழையில் பாசி பிடித்து வழுக்கியது. நீந்தத் தெரியாத நான் நுனியில் முழங்காலிட்டு இருந்து, குழவியின் பாரத்தில் கானை ஆழத்துக்கு இறக்கி, அடைப்பை இழுத்தேன். கீழே இருந்து குமிழிகள் வந்தன. படகில் இருந்து அவருடைய குமிழிகளைப் பார்த்துக்கொண்டிருந்த காலம் நினைவுக்கு வந்தது. கானை இழுத்தெடுத்து நக்கிப் பார்த்தேன். தொண்டை கரிக்கிற உப்பு. கை தோல் உரியும்வரை திரும்பத் திரும்ப இறக்கினேன்.

தொட்டித் தண்ணீர் முழுவதையும் வெளியே ஊற்றிவிட்டு அந்த அடித்தண்ணீரை விட்டோம். பிறகு குழாய் சொட்டத் தொடங்கியது. கோமாளி மீனில் ஒன்று சரிந்து கிடந்தது. நான் அறியாத சாமி இல்லை, அத்தனையையும் கூப்பிட்டேன். அவர் தரையில் இருந்தபடி, குழாயில் சொட்டை அடக்கும் சின்னச் சில்லில் விரலை வைத்து, கூட்டாமல் குறைக்காமல் பிடித்திருந்தார். "மெல்ல, மெல்ல வா. ஒருத்தரும் உன்னைத் துரத்தேல்லை" என்று அதனோடு கதைத்தார். என்னோடு அவ்வளவு கதைத்து எவ்வளவு காலம்.

பின்னேரம் அது நிமிர்ந்தது. மூன்றையும் கையால் ஏந்தித் தொட்டிக்குள் விட்டார். அவை தங்கள் பழைய கல்லைக் கண்டு அதற்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டன. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

வெளியே திரும்பவும் மழை பிடித்தது. அவர் எழும்பிப் போய், சுவரைப் பார்த்துக் கிடந்த கதிரையைத் துறைமுகம் தெரியத் திருப்பிப் போட்டார். இத்தனை காலமும் நான் நேர்ந்து கேட்டது அதைத்தான்.

"தண்ணி அடிக்கடி மாத்தவேணும். மாரி முடியக் கன நாள் கிடக்கு" என்றார். என் கைகளைப் பிடித்து உரிந்த தோலைப் பார்த்தார். "அடுத்தமுறை கடலுக்குள்ள நான் இறங்கிறன்."

அவருடைய கண்ணில் பழைய வெளிச்சம் இருந்தது. நான் வாசலைப் பார்த்தேன். அந்த வெளிச்சத்தை மறிப்பதற்கு என் கால்கள் எழவில்லை.