முன்னும் பின்னும் ஒரே அகலம்

மன்னார்க் கரையோரக் கிராமம் ஒன்றில், பழைய பிக்கப் ஒன்றின் அடியில் நான் மல்லாந்து படுத்திருந்தேன். கீழே ஓலைப்பாய், தலைக்கு ஒரு தலையணை. வாகனப் பரிசோதகனாக முப்பது வருடம் சேற்றிலும் எண்ணெயிலும் ஆட்டுப் புழுக்கையிலும் படுத்து வாகனங்களின் அடியைப் பார்த்தவன் நான். பரிசோதனைக்குத் தலையணை தந்த ஒரே ஊர் அதுதான். நெற்றிக்கு ஒரு சாண் மேலே தார் பூசிய இரும்புச் சட்டங்கள் இரண்டு ஓடின. அவற்றுக்கு இடைப்பட்ட அகலத்தை முன்பக்கம் அளந்தேன், பின்பக்கம் அளந்தேன். இரண்டும் ஒன்றாக இருந்தன. நாடாவில் பிழையோ என்று மறுபடியும் அளந்தேன். நாடா சரிதான். அதன் பிறகு வெளியே வர எனக்கு மனமில்லாமல் போனது.

போர் முடிந்து சனங்கள் ஊர் திரும்பிக்கொண்டிருந்த காலம் அது. வீடும் வள்ளமும் போனவர்களிடம், அவை போனதை மூன்று பிரதிகளில் உறுதிப்படுத்தும்படி கேட்பதுதான் எங்கள் வேலை. நடமாடும் சேவை என்று அதற்குப் பெயர். நாங்கள் நடமாடினோம், சேவை பின்னால் வந்துகொண்டிருந்தது. எனக்குத் தந்த பொறுப்பு, திரும்பி வந்தவர்களின் வாகனங்களைச் சோதித்து, பதிவுப் புத்தகத்தில் உள்ள வாகனம்தானா இது என்று சான்றிதழ் எழுதுவது. சான்றிதழ் இல்லாத வாகனத்தை வீதியில் எடுக்கக் கூடாது. உரிமை தெளிவில்லாததைப் பறிமுதல் செய்யவேண்டும்.

அந்தப் பிக்கப்புக்குச் சொந்தக்காரி அந்த ஊர்க் கருவாட்டுப் பெண்கள் சங்கத்தின் தலைவி. ஊரில் சிறுபிள்ளை முதல் பங்குச் சுவாமி வரை அவரைத் தலைவி என்றே கூப்பிட்டார்கள். வண்டி அவருடைய கணவர் வாங்கியது. கணவர் திரும்பி வரவில்லை. இடம்பெயர்ந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளின் ஞானஸ்நானப் பத்திரங்களோடு சேர்த்து, வண்டிப் புத்தகத்தையும் பொலித்தீனில் சுற்றிக் கொண்டுபோயிருந்தார். ஊருக்குள் வரும் பாதை முழுவதும் மணல். பஸ் வராது. சாதாரண வான் வந்தால் பாதி வழியில் புதைந்துபோகும். நாலு சக்கரமும் இழுக்கிற அந்த வண்டி ஒன்றுதான் ஐஸ் கொண்டுவந்தது, கருவாட்டை முருங்கன் சந்திக்கு ஏற்றியது, பிள்ளைத்தாச்சிகளை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனது. அது நின்றால் அப்போதுதான் குடியேறிய ஊர் மறுபடியும் கலையத் தொடங்கும் என்பது அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

வண்டியை மறுபடி கட்டி எழுப்பியவர் ஓர் ஓடாவியார். வள்ளம் கட்டுகிறவர், மோட்டார் வாகனம் அவருக்குக் கரையில் ஓடுகிற வள்ளம். ஊர் திரும்பியபோது தலைவியின் வண்டியின் மேற்பாகம் கிடைத்தது. யாரோ அதைக் கழற்றிப் போட்டு ஆட்டுக்கொட்டிலாக வைத்திருந்தார்கள். செஸி என்று எல்லோரும் சொல்கிற அடிச்சட்டம் மட்டும் ஊருக்குப் பின்னால் பற்றைக் காட்டுக்குள் கிடந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஓடாவியார் அவற்றில் ஒன்றை எடுத்து, மேற்பாகத்தை அதன் மேல் ஏற்றினார். அத்தோடு விட்டாரா? திறந்த இரும்பைக் கண்டால் அவருக்குப் பொறுக்காது. ஒரு பக்கம் திறந்திருக்கிற சட்டத்தை நீளத்துக்குத் தகடு வைத்து மூடி, வெளிப்பக்கத்துக்கும் இன்னொரு தகடு போர்த்தி, எல்லா மூட்டையும் ஒட்டி, மேலே மூன்று பூச்சுத் தார் அடித்திருந்தார். வாகனத் தொழிற்சாலைக்காரர்கள் தண்ணீர் வழிந்து போகட்டும் என்று திறந்து விடுவதை, வள்ளக்காரர் தண்ணீர் ஏறாமல் இருக்கட்டும் என்று அடைத்துவிட்டார். சட்டத்தில் கொத்திய இலக்கமும் அதற்குள் அடைபட்டுப் போனது.

"ஐயா, நித்திரையோ?" என்று ஓடாவியார் குனிந்து கேட்டார்.

"தலாணி குடுக்காதேங்கோ எண்டு நான் அப்பவே சொன்னனான்" என்றாள் கருவாடு புரட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். மற்றவர்கள் சிரித்தார்கள்.

நான் ஊர்ந்து வெளியே வந்து, செஸி நம்பர் எங்கே என்று கேட்டேன்.

"உள்ளுக்க பத்திரமா இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி ஏறாது."

"இது கடலிலயோ ஓடுறது?"

"மாரியில எங்கட ரோட்டில வந்து பாத்திட்டுக் கேளுங்கோ ஐயா."

இலக்கம் தெரியாவிட்டாலும் அகலம் எனக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டது. அந்த வகைப் பிக்கப்புகளின் அடிச்சட்டம் நிலத்தில் கிடத்திய ஏணி போன்றது: இரண்டு நீளச் சட்டங்கள், இடையில் குறுக்குச் சட்டங்கள். பழைய வண்டிகளில் அந்த இரண்டும் முன்னிருந்து பின்வரை ஒரே இடைவெளியில் நேராகப் போகும். ஒடுக்கமானவை, ஆனால் தடித்த இரும்பு. பின்னர் வந்தவற்றில் எஞ்சினுக்குக் கீழே ஒடுங்கி, ஆசனத்துக்குப் பின்னால் அகலும். பாரம் சரியாமல் இருக்க அப்படி வைத்தார்கள், இரும்பை மட்டும் மெல்லியதாக்கிவிட்டார்கள். தலைவியின் புத்தகம் பிந்திய வகை வண்டிக்குரியது. என் தலைக்கு மேலே இருந்ததோ நேர்ச்சட்டம். அகலமான மேற்பாகம் ஒடுக்கமான சட்டத்தில் இருக்கமாட்டாதே என்பதற்காக ஓடாவியார் இரண்டு பக்கமும் இரும்புக் கைகள் நீட்டித் தாங்கியிருந்தார். வேலை நல்ல வேலை. சட்டம்தான் வேறு யாருடையதோ.

"ரெண்டு கிடந்தது" என்றார் அவர், நான் கேட்டபோது. "ஒண்டு கையாலயே பிய்யுது. மற்றது தட்டினா கோயில் மணி. நீங்கள் எண்டா எதை எடுப்பியள்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "புக்கில நம்பர் கிடக்குத்தானே. அதைப் பாத்து எழுதிவிடுங்கோவன். இரும்பை வெட்டி ஆருக்கு என்ன லாபம்?"

அவர் சொன்னதற்கு வழி இருந்தது. உப்புக்காற்று இலக்கங்களைத் தின்றுவிடுகிற மாவட்டம் அது. "துருவினால் வாசிக்க முடியவில்லை, புத்தகத்தின்படி" என்று எத்தனையோ வண்டிகளுக்கு நேர்மையாகவே எழுதியிருக்கிறேன். இன்னும் ஒரு தடவை எழுதினால் கொழும்பில் ஒருவரும் தலை நிமிர்ந்து பார்க்கப்போவதில்லை. பேனையின் மூடியைக் கழற்றியும்விட்டேன்.

அப்போது தலைவி உப்புக் கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு வந்து, "என்னவாம்?" என்று கேட்டார்.

சொன்னேன். மேலே இருப்பது உங்களுடையது, கீழே இருப்பது யாருடையதென்று தெரியாது, மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணில் கீழே இருப்பதுதான் வாகனம் என்றேன். கருவாடு புரட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டார்கள். தலைவி வண்டியைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"நாங்கள் திரும்பி வந்த கிழமை, என்ர வீட்டு யன்னலை வேற ஒரு வீட்டில கண்டனான். நீலப் பெயின்ற், என்ர மனுசன் அடிச்சது. அந்த வீட்டுக்காரிக்கும் விளங்கிச்சுது, எனக்கும் விளங்கிச்சுது. ரெண்டு பேரும் மீன் விலை கதைச்சுப்போட்டு வந்திட்டம். இண்டைக்கும் அந்தப் பக்கம் போனா நெஞ்சு எரியுது." ஓடாவியாரைப் பார்த்தார். "வெட்டுங்கோ."

"வெட்டினா வண்டி போயிடும், தலைவி."

"போனா நடப்பம். நடக்காத ஆக்களோ நாங்கள்?"

திருநாளுக்கென்று வைத்திருந்த கோயில் ஜெனரேட்டரை இழுத்துவந்தார்கள். அந்த வகையில் இலக்கம் எங்கே இருக்கும் என்று எனக்குத் தெரியும். வலப்பக்க முன்சக்கரத்துக்குப் பின்னால் சோக்கட்டியால் கோடு போட்டுக் கொடுத்தேன். ஓடாவியார் வெட்ட, உள்ளங்கையளவு தகடு விழுந்தது. உள்ளே இரும்பு நேற்றுத்தான் பட்டறையிலிருந்து வந்தது போல இருந்தது. மன்னாரில் நான் வாசித்த மிகத் தெளிவான இலக்கம் அதுதான். ஓடாவியாரின் பிழை அதை உப்பிலிருந்து காப்பாற்றி வைத்திருந்தது. தலைவி தன் புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்து, விரலால் ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுப் பார்த்தார். மூன்றாவது எண்ணிலேயே விரல் நின்றுவிட்டது.

நடைமுறைப்படி வண்டியை என் பொறுப்பில் எடுக்கவேண்டும். எடுத்தேன். எங்களிடம் நிறுத்த இடம் இல்லாததால் அதே ஊரில் நிறுத்தும்படி எழுதினேன். நீண்ட நாள் நின்றால் வாகனம் பழுதாகும், ஆகவே பொறுப்பிலுள்ள வாகனத்தை இடைக்கிடை ஓட்டிப் பார்க்கவேண்டும் என்றும் எழுதினேன். அந்த ஓட்டிப் பார்த்தலில் இரண்டு மாதம் ஐஸ் வந்தது, கருவாடு போனது, ஓர் ஆண்குழந்தை ஆசுப்பத்திரியில் பிறந்தது.

பழைய பதிவேட்டில் அந்த இலக்கத்துக்குச் சொந்தக்காரர் உப்புக்குளத்து வியாபாரி ஒருவர். அவர் காலமாகிவிட்டார். தொண்ணூறாம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட மற்ற முஸ்லிம் குடும்பங்களையும் போல அவருடைய குடும்பமும் இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இருந்துவிட்டு, அப்போதுதான் ஒவ்வொருவராக வரத் தொடங்கியிருந்தது. மூத்த மகனுக்குக் கடிதம் போட்டேன். அண்ணன் என்ற பொருளில் எல்லோரும் நானா என்று அழைக்கிற மனிதர். வானில் வந்தார்; வான் பாதி வழியில் புதைந்தது; கடைசியில் அவரை ஏற்றி வந்தது அதே பிக்கப்தான்.

மேலிருந்து பார்த்து அவருக்கு ஒன்றும் அடையாளம் தெரியவில்லை. வெள்ளைச் சாரத்தோடு பாயில் படுத்து அடியில் போனார். ஒவ்வொரு சட்டமாகக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு குறுக்குச் சட்டத்தைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "இந்த ஒட்டு எங்கட வாப்பா போட்டது" என்றார் உள்ளிருந்தபடியே. "தலைமன்னாருக்குப் போற வழியில உடைஞ்சு, நாள் முழுக்க வெயிலுக்க நிண்டோம்."

அவர் எழும்பி வந்ததும் தலைவி, "நானா, மேல கிடக்கிறதை இறக்கிவிடுறம். நீங்கள் கொண்டு போங்கோ" என்றார்.  ஓடாவியார் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொண்டுபோய்? எங்கட பக்கம் இப்ப கார்ப்பெற் போட்ட தார் ரோட்டு, தங்கச்சி. இது மணலுக்குச் செய்த சாமான்." நானா சாரத்தின் மணலைத் தட்டினார். "சும்மா தந்தா நீங்க வாங்கமாட்டீங்க, எனக்குத் தெரியும். வண்டி இங்கேயே ஓடட்டும். எங்கட பேரும் புக்கில இருக்கட்டும். இந்தக் கரையில நாங்களும் இருந்தோம் எண்டு ஒரு கடதாசியிலயாவது இருக்கட்டும்."

தலைவி பொலித்தீனைப் பிரித்துத் தன் புத்தகத்தை எடுத்தார். பிறகு என்னைப் பார்த்து, "அவற்ற பேரை முதல்ல போடுங்கோ" என்றார்.

விண்ணப்பத்தில் உரிமையாளர் பெயருக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில் இரண்டு பெயர் எழுதியவர்களின் படிவங்களை, முப்பது வருடமாகச் சிவப்பு மையால் கோடிட்டுத் திருப்பி அனுப்பியவன் நான். அன்று அடிமட்டம் வைத்து அந்த வரியை இரண்டாகப் பிரித்தேன். கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அடிச்சட்டத்தின் அகலங்களைப் படம் கீறி, எது வரை யாருடையது என்று குறித்து இரண்டு பக்கம் பதில் எழுதினேன். நாலு மாதத்தில் புதிய புத்தகம் வந்தது. எந்த விதியின் கீழ் அனுமதித்தார்கள் என்று அவர்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

ஓடாவியாருக்கு மட்டும் இரண்டு நிபந்தனை போட்டேன். உள்ளே தங்கும் தண்ணீர் போக அடியில் துளைகள் போடவேண்டும். இலக்கம் வெளியே தெரியவேண்டும். முதலாவதை முணுமுணுத்துக்கொண்டு செய்தார். இரண்டாவதற்கு, வெட்டிய ஓட்டையை அப்படியே திறந்து விட அவர் சம்மதிக்கவில்லை.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள். இப்போது அந்த ஊருக்குத் தார் ரோட்டு வந்துவிட்டது, பஸ்ஸும் போகிறது. போன மாதம், இப்போதைய பரிசோதகர் தொலைபேசியில் கூப்பிட்டார். நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு பழைய பிக்கப், புத்தகத்தில் இரண்டு பெயர், அதெல்லாம் கோப்பில் இருக்கிறது என்றார். 

"ஐயா, செஸியில ஒரு கதவு இருக்கு. பித்தளைப் பிணைச்சல், கொக்கி எல்லாம் போட்டு. திறந்தா உள்ளுக்க நம்பர். கிறீஸ் பூசித் துடைச்சு வச்சிருக்கினம். செஸிக்குக் கதவு வைக்கலாமோ? சட்டத்தில என்ன கிடக்கு?"

"சட்டத்தில ஒண்டுமில்லை. நான் மூண்டு தரம் தேடிப் பாத்தனான். பாஸ் பண்ணுங்கோ" என்றேன். அவர் தொலைபேசியை வைக்கப் போனபோது மறுபடி கூப்பிட்டுச் சொன்னேன்: "பாத்து முடிஞ்சதும் கொக்கியைப் போட்டுவிடுங்கோ. தண்ணி ஏறும்."