அறுநூறு ஓடு

மகளை மெட்ராஸ் ரயிலில் ஏற்றிவிட்டு வந்து நான்கு நாளாகிறது. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. "எல்லாம் கணக்குப் போட்டுத்தாம்மா போறேன், பயப்படாதே" என்று ஜன்னல் வழியே சிரித்தாள். எனக்கு எங்கள் தென்காசி வீட்டுக் கூரை நினைவுக்கு வந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. தம்பி பிறந்து இருபது நாள். முன்கூரைக்கும் பின்கூரைக்கும் ஓடு போட்டாயிற்று. இரு பக்கமும் முக்கோணமாக இறங்கும் சரிவுகளில் மட்டும் ஒழுகும் பழைய ஓலை கிடந்தது. குற்றாலத்தில் சாரல் தொடங்க ஐந்தாறு நாள்தான். சூளையில் மிஞ்சியிருந்தது அறுநூற்றுப் பத்து ஓடு. சாரல் வந்துவிட்டால் சூளை மூட்ட மாட்டார்கள்.

"அறுநூத்தி இருபத்திநாலு வேணும். ஓலையப் பிரிச்சிட்டுப் பத்தலைன்னா பச்சப் புள்ள நனையும். ஆவணிக்குப் பாத்துக்கிடலாம்" என்றார் கொத்தனார்.

ஒரு சரிவுக்கு இருபத்துநான்கு வரிசை. அடியில் இருபத்துநான்கு ஓடு, மேலே போகப்போக ஒவ்வொன்றாகக் குறைந்து உச்சியில் ஒன்று. அடிவரிசையில் பாதியை எடுத்து, கைக்காவலாக ஒன்று கூட்டி, வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்குவது அவர் வழக்கம்: ஒரு பக்கத்துக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு.

நான் சிலேட்டில் உச்சியையும் அடியையும் சேர்த்தேன்: இருபத்தைந்து. உச்சிக்கு அடுத்ததையும் அடிக்கு மேலுள்ளதையும் சேர்த்தாலும் இருபத்தைந்து. அப்படிப் பன்னிரண்டு ஜோடி. ஒரு பக்கத்துக்கு முந்நூறு.

"அறுநூறு போதும்" என்றேன்.

"முப்பது வருசமா ஓடு போடுதேன். ஒரு வீட்டுலயும் பத்தாமப் போனதில்ல. இவ எனக்குக் கணக்குச் சொல்லுதா!"

உண்மைதான். அவர் வேலை செய்த எல்லா வீட்டுக் கொல்லையிலும் ஓடு மிஞ்சித்தான் கிடந்தது.

அம்மா உள்ளேயிருந்து ஒரு கை புளியங்கொட்டை கொடுத்தனுப்பினாள். நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று என அடுக்கினேன். நான்கில் பாதி இரண்டு, கூட ஒன்று, பெருக்கல் நான்கு: அவர் கணக்குக்குப் பன்னிரண்டு வேண்டும், பத்திலேயே முடிந்துவிட்டது.

"மிச்சம் ரெண்டு கொட்டைய எங்கன வைப்பிய, அண்ணாச்சி?" என்றாள் அம்மா, கதவுக்குப் பின்னாலிருந்து.

"புளியங்கொட்டை வேற, ஓடு வேற, தாயி."

ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்ட அப்பா சிலேட்டையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தொட்டிலைப் பார்த்தார். "புள்ள கணக்குப்படியே நடக்கட்டும். ஓலையப் பிரிங்க."

நான்காம் நாள் மலைப்பக்கம் இருண்டு வந்தது. வண்டியில் மூன்று ஓடு உடைந்தது போக, அறுநூறாவதைக் கையில் வைத்துக்கொண்டு கொத்தனார் கூரையிலிருந்து கூப்பிட்டார். கீழே ஏழு ஓடு மிஞ்சியிருந்தது.

"ஏட்டி, ஏறி வா. இத நீயே வை."

பட்டத்து ராணியைப் போல ஏறினேன். ஓடு கச்சிதமாக உட்கார்ந்தது. முதல் தூறல் அதன்மேல்தான் விழுந்தது என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

கீழே அப்பா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்திருந்தார். அவர் கை நடுங்கியதில் ஏணியே ஆடியது.

"சாரக் காத்துக்குக் குளிருதாப்பா?" என்று கேட்டேன்.

"ஆமா" என்றார்.

நான் நம்பினேன்.