ஓடும் தண்ணீரை நிறுத்தியவன்

சிட்னியின் மேற்குப் புறநகரில், வீடுகளுக்குப் பின்னால் தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது. கொல்லையில் கல்லை அடுக்கி, அதன் மேலிருந்து ஒரு குட்டி அருவியை விழவைத்து, கீழே குளத்தில் சேர்ந்த தண்ணீரைப் பம்பு வைத்து மறுபடி மேலே ஏற்றுகிறார்கள். குடிக்க இல்லை, குளிக்க இல்லை, பயிருக்கும் இல்லை. அந்தச் சத்தத்துக்காக மட்டும். "வேற வேலை இல்லியா அவங்களுக்கு?" என்று ஊரில் இருக்கிற நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள். அந்த வேலையைச் செய்துகொடுத்துத்தான் நான் பத்து வருடமாகச் சாப்பிடுகிறேன். வரைபடம் போடுவதும் நான், மணற்கல்லை வெட்டிப் பொருத்துவதும் நான். என் கைக்குத்தான் இது இன்னும் பழகவில்லை. ஆள் இல்லாத இடத்தில் தண்ணீர் ஓடினால் நம் பக்கத்துக் கை சும்மா இருக்காது. ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் குழாய் திறந்து கிடந்தால், பஸ்ஸை விட்டாலும் பரவாயில்லை என்று ஓடிப்போய்த் திருகிவிட்டு வருகிறவர்கள் நாம். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்தவர்களுக்கு அது புத்தியில் இருக்கிற விஷயமில்லை, விரலில் இருக்கிற விஷயம்.

அந்த விரல்தான் போன ஜனவரியில் என்னைக் கவிழ்த்தது. இங்கே ஜனவரி என்றால் கொளுத்தும் வெயில். கிரஹாம் என்பவர் ரயில் ஓட்டி ஓய்வுபெற்றவர், தனியாக வாழ்கிறவர். அவருடைய பழைய சிமெண்ட் தொட்டியை எடுத்துவிட்டு, கல் குளமும் அருவியும் கட்டிக்கொடுத்திருந்தேன். அதில் அவர் கையால் குஞ்சிலிருந்து வளர்த்த கோய் என்கிற ஜப்பான் வண்ண மீன்கள், ஒவ்வொன்றும் முழங்கை நீளம். அவர் விசில் அடித்தால் கரைக்கு வரும். "பம்பை மட்டும் ஒருபோதும் நிறுத்திவிடாதீர்கள், வெயில் காலத்தில் மீனுக்கு மூச்சே அதுதான்" என்று நானே அவருக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். பின்சுவர் வேலை மட்டும் பாக்கி. சனிக்கிழமை அவர் மகள் வீட்டுக்குப் போயிருந்த நேரத்தில், விட்டுவந்த உளியை எடுக்கப் போனேன். வீட்டில் யாரும் இல்லை. அருவி தன் பாட்டுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. அடுத்த வேலையை நினைத்தபடியே உளியை எடுத்தேன், வெளியே வரும் வழியில் பம்பு ஸ்விட்சை அணைத்தேன், கதவைச் சாத்தினேன். அணைத்தது எனக்கு உறைக்கவே இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஏதோ நல்ல காரியம் செய்த நிம்மதியோடுதான் வண்டியை எடுத்தேன்.

திங்கட்கிழமை காலை கிரஹாம் போனில் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எல்லா மீனும் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. அவர் ஒரு நாற்காலியைக் குளத்தின் ஓரத்தில் போட்டு உட்கார்ந்திருந்தார், கையில் வலை. "வெயிலுக்குக் கரண்ட் ட்ரிப் ஆகியிருக்கும், நண்பா. உன் தப்பு இல்லை" என்று ஆங்கிலத்தில் சொல்லி, அவரே எனக்கு ஆறுதலாகத் தோளைத் தட்டினார். தலையை ஆட்டினால் போதும், தப்பித்துவிடலாம். அப்படித் தப்பித்து எனக்குப் பழக்கமும் உண்டு.

பழக்கம் என்று சொன்னேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில். டிப்ளமோ முடித்துவிட்டு அந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் டேனரி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். ஐப்பசி மழையில் ஒருநாள் மத்தியானம், கழிவுத்தொட்டி நிரம்பி வழிகிற நிலைமை. "மழத்தண்ணியோட தண்ணியா போய்டும், தொறந்து வுடு. யார் பாக்கப்போறா?" என்றார் மேனேஜர். நான்தான் வால்வைத் திருகினேன். அந்தக் கால்வாய் எந்த ஏரியில் போய் விழும் என்று எனக்குத் தெரியாதா? எங்கள் ஊர் ஏரிதான். அந்த வருடம் மீன் குத்தகை எடுத்திருந்தது பக்கத்துத் தெரு முனுசாமி அண்ணன். எனக்கு நீச்சல் பழக்கிவிட்டதும் அவர்தான். மூன்றாம் நாள் ஏரி முழுக்க மீன் செத்து ஒதுங்கியது. நாற்றத்தில் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டது. அவர் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "இன்னா தம்பி, நீ அங்கதான வேல செய்ற? யாரு தொறந்து வுட்டாங்கன்னு தெரியுமா?" என்று கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை, என்னை நம்பிக் கேட்டார். "தெரியாதுண்ணா, அன்னிக்கு நான் லீவு" என்று சொல்லிவிட்டேன். அடுத்த வருடமே விசா வந்தது. பிழைப்புக்குத்தான் ஊரை விட்டேன் என்று எல்லாரிடமும் சொல்வேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, அவர் முகத்தைத் தெருவில் தினமும் பார்க்க முடியவில்லை.

இந்த முறை, குளத்தின் ஓரத்தில் நின்றபடியே கிரஹாமிடம் சொல்லிவிட்டேன். "கரண்ட் இல்லை, நான்தான் அணைத்தேன்." அவருக்குப் புரியவில்லை. "அருவியையா அணைத்தாய்? ஏன்?" ஆள் இல்லாமல் தண்ணீர் ஓடினால் எங்கள் ஊரில் நிறுத்திவிடுவோம் என்றேன். "அதே தண்ணீர்தானே சுற்றிச் சுற்றி வருகிறது, ஒரு சொட்டுகூட வீணாகவில்லையே" என்றார், நான் ஏதோ சிக்கனம் பேசுகிறேன் என்று நினைத்து. "தெரியும். நான்தானே கட்டினேன்" என்றேன். எழுந்து வலையை நாற்காலியில் சாய்த்துவைத்தார். பிறகு, "கரண்டாகவே இருந்திருக்கலாம்" என்றார். இரண்டு பேரும் சேர்ந்து மீன்களை அள்ளி எலுமிச்சை மரத்தடியில் புதைத்தோம். மறுநாள் வேலைக்குப் போனபோது ஸ்விட்ச் பெட்டியில் புதுப் பூட்டு தொங்கியது. காபி கொடுத்தார், வழக்கம்போல. சாவியை எனக்குக் கொடுக்கவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அந்த வாரக் கடைசியில், கிரஹாம் கொல்லையில் வேலைக்கு நடுவே, முனுசாமி அண்ணனுக்குப் போன் போட்டேன். இங்கே பிற்பகல், அங்கே காலை. நலம் விசாரித்தார், "அங்க குளிரு ஜாஸ்தியா?" என்றார். நான் சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, அன்னிக்கு டேனரில வால்வத் தொறந்தது நான்தான்" என்றேன். போனில் அவர் பக்கம் ஒரு வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"இப்ப எதுக்குத் தம்பி சொல்ற?"

இங்கே ஒருவருடைய மீன் என்னால் செத்துப்போனதையும், அவரிடம் அதை ஒப்புக்கொண்டதையும் சொன்னேன்.

"அவருகிட்ட எப்ப சொன்ன?"

"அன்னிக்கேண்ணா. அவரு கேக்கவே இல்ல, நானா சொன்னேன்."

"நான் கேட்டேன்" என்றார். "எனக்குச் சொல்லப் பதினோரு வருசம் ஆச்சு."

அழுதேன், மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. கடைசியில் அவரே சொன்னார். "சரி வுடு. ஊருக்கு வந்தா வூட்டுக்கு வா, சாப்புடு. எப்பவும் போல வா. ஏரிப் பக்கம் மட்டும் என்கூட வராத."

போனை வைத்துவிட்டு, பின்சுவரில் மீதமிருந்த கல்லை அடுக்கினேன். ஸ்விட்ச் பெட்டி பூட்டியே இருந்தது, அருவி ஓடிக்கொண்டிருந்தது, குளத்தில் ஒரு மீனும் இல்லை.