இருநூற்று நான்காம் பக்கம்

டாக்டரம்மா இனாஸ் என் கடைக்கு வந்தால் முதலில் பையைக் கீழே வைப்பார். அப்புறம்தான் மூச்சு விடுவார். மடிக்கணினி, இரண்டு மைக், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஐந்து மீட்டர் ஒயரோடு ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எல்லாம் அந்தப் பையில் இருக்கும். கல்லூரியில் கணினி அறை இல்லாமல் இல்லை. முப்பது கணினிகளில் பதினொன்று வேலை செய்யும், மற்றவை ஓய்வு பெற்றுவிட்டன. அதனால் ஐம்பத்தோரு வயதில் பாடத்தைத் தோளில் சுமந்துகொண்டு ட்ராமில் வந்து இறங்குவார்.

அலெக்சாந்திரியாவில், பல்கலைக்கழகத்தின் கலைப்பிரிவு வாசலுக்கு நேர் எதிரே எனக்கு ஜெராக்ஸ் கடை. பத்தொன்பது வருடமாக இங்கே நிற்கிறேன். பட்டம் வாங்கி வகுப்பெடுப்பவர்கள் எல்லாரும் எங்களுக்கு டாக்டர்தான். அவர்களில் யார் படித்துவிட்டு வருகிறார்கள், யார் என் கடை நோட்ஸை வாங்கி அப்படியே ஒப்பிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். இனாஸ் படித்துவிட்டு வருகிறவர். அதனாலேயோ என்னவோ, எப்போது பார்த்தாலும் களைத்துப்போய் இருப்பார்.

அவருக்கு இரண்டு பாடங்கள். ஒன்று பல்லூடக எழுத்து. அது என்ன என்று ஒருமுறை கேட்டேன்.

"குரலு, படம், எழுத்து மூணையும் ஒரே சட்டியில போட்டுக் கதை சமைக்கிறது அண்ணே. சட்டிதான் ஓட்டை" என்றார்.

இன்னொன்று தற்கால இலக்கியம். நூற்றெண்பது பேர் உட்காரும் பெரிய கூடம், மைக் பாதி நாள் கரகரக்கும். அவருடைய உயிர் அதில்தான் இருந்தது. ஆனால் அவர் நிரந்தர ஆசிரியர் அல்ல. வருடா வருடம் செப்டம்பரில் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இந்தப் பாடம் அடுத்த வருடமும் தன் கையில் இருக்குமா என்ற பயம் அவருக்கு ஜூன் மாதமே ஆரம்பித்துவிடும்.

அந்தப் பாடத்தில் 'ஈரத் துணிகள்' என்று ஒரு நாவல். எங்கேயும் கிடைக்காத புத்தகம். எவனோ ஒரு மாணவன் பிரதியெடுக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போனான். அதுதான் என் மூலப்பிரதி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மயங்கிப்போய்ப் பாடத்தில் வைத்தார். அவர் கையில் இருப்பதும் நான் போட்டுக் கொடுத்த நகல்தான்.

இங்கே என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த மூலப்பிரதி இருநூற்று நான்காம் பக்கத்தோடு, அதன் அடி ஓரமும் போய், கிழிந்திருந்தது. தலைப்புத் தாளின் பின்புறம், பதிப்பக விலாசத்துக்குக் கீழே, 'மொத்தம் 216 பக்கங்கள்' என்று அச்சாகியிருந்தது. பன்னிரண்டு பக்கம் குறைகிற புத்தகத்தை எவன் வாங்குவான்? அந்த ஒரு தாளை மட்டும் நகலெடுக்காமல் விட்டுவிட்டேன். டாக்டரம்மாவுக்கும் அப்படித்தான் கொடுத்தேன்.

இருநூற்று நான்காம் பக்கத்தில் ராவியா என்கிற பெண், ஏழு வருடம் கழித்துத் தன் வீட்டுக்குத் திரும்பி வந்து, கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அத்தோடு சரி. ஒருநாள் அச்சடித்த தாள்களைக் கொடுக்கப் போனபோது கூடத்தின் கடைசி வரிசையில் நின்று அந்த வகுப்பைக் கேட்டேன்.

"தட்டினாளா, திறந்தாங்களாங்கறது நம்ம கேள்வி இல்ல. அந்தக் கையத் தூக்க அவளுக்கு ஏழு வருஷம் ஆச்சு. எழுதினவரு அங்க நிறுத்திட்டாரு. நமக்கும் அங்க நிக்கத் தெரியணும்" என்றார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கிழிந்த புத்தகத்தை வைத்துக்கொண்டு இந்தம்மா இப்படி உருகுகிறாரே என்று நினைத்தேன். நினைத்ததோடு சரி, வாயைத் திறக்கவில்லை.

போன டிசம்பர். தேர்வு நெருங்கினால் என் கடை ரொட்டிக் கடை வரிசை மாதிரி ஆகிவிடும். பிள்ளைகள் நாவல் படிக்க மாட்டார்கள், நான் தட்டச்சு செய்து தரும் நாலு பக்க நோட்ஸைத்தான் படிப்பார்கள். அன்றைக்கு ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றார்கள்.

"முடிவு எங்க மாமா? கடைசில என்ன ஆவுதுன்னே போடல?" என்றான் ஒருவன்.

"அவ்வளவுதான்டா. கதவுகிட்ட முடியுது."

"காசு வாங்குறீங்கல்ல? பாதிக் கதைய விக்கிறீங்களே, நல்லாருக்கா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. முப்பது வருடமாக ரமலான் மாதத் தொலைக்காட்சித் தொடர் ஒன்று விடாமல் பார்த்தவன் நான். ஒரு முடிவு எழுத எனக்கா தெரியாது?

"சரி, கை தூக்குங்க. அவ புருஷன்கிட்டத் திரும்பட்டுமா, கடலுக்குப் போகட்டுமா?" என்றேன்.

"கடலு! கடலு!" என்று கத்தினார்கள்.

புருஷன் செத்துப்போய் நாற்பது நாள் ஆகிவிட்டது, பக்கத்து வீட்டுக்காரி சாவியைக் கொடுக்கிறாள், ராவியா மோதிரத்தைக் கழற்றிக் கடலில் எறிகிறாள் என்று அவர்கள் கண்ணெதிரிலேயே தட்டினேன். ஷுரூக் என்ற பெண் மட்டும் கை தூக்காமல் ஓரமாக நின்றாள். அவளுடைய போன் கல்லாவின் மேல் இருந்தது.

"போன் எதுக்கும்மா அங்க?"

"இனாஸ் டாக்டர் ஒரு எடத்தோட சத்தத்தப் பதிவு பண்ணி, அத வச்சு எழுதச் சொல்லியிருக்காங்க மாமா. நான் உங்க கடைய எடுத்திருக்கேன்."

"பண்ணு பண்ணு, என் மெஷினும் பேரு வாங்கட்டும்" என்றேன். ஆழம் தெரியாமல் காலை விட்டவன் நான். நோட்ஸ் இரண்டே நாளில் நூற்றெண்பது பேருக்கும் போய்ச் சேர்ந்தது.

ஜனவரியில் பெருமழை நாட்கள் வந்தன. கடல் அலை சாலையைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் டாக்டரம்மா நனைந்துபோய் வந்தார். பையைக் கீழே வைக்கவே இல்லை.

"ஷஃபீக் அண்ணே, ஒண்ணு கேக்கணும். விடைத்தாள் திருத்திட்டிருக்கேன். நூத்தி எழுவத்தொம்போது பேரு ராவியா கடலுக்குப் போனான்னு எழுதியிருக்காங்க. சாவி, மோதிரம், பக்கத்து வீட்டுக்காரி, எல்லாம் ஒண்ணுபோல இருக்கு. இது எங்கருந்து வந்துது?"

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் குரல் இறங்கிவிட்டது.

"என் புத்தகத்துல பக்கம் கொறையுதா?"

நோட்ஸில் பொய் எழுதியவன் என்று பெயர் கெட்டால் கடையை மூட வேண்டியதுதான். வாய் கூசாமல் சொன்னேன். "ஆமா டாக்டரம்மா. பழைய வாடிக்கையாளரு ஒருத்தரு முழுப் புத்தகம் கொண்டாந்தாரு. அதப் பாத்துத்தான் போட்டேன்." அது போதாதென்று அந்தத் தலைப்புத் தாளையும் எடுத்துக் காட்டினேன். 216 என்ற எண்ணை அவர் ஈர விரலால் தடவிப் பார்த்தார்.

"ஒம்போது வருஷம்" என்றார். மழையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் கல்லூரிக் காவல்காரன் சொல்லித்தான் தெரியும். அவர் துறைத்தலைவர் வஜ்தியிடம் கடிதம் கொடுத்துவிட்டாராம். 'ஒன்பது வருடங்களாக ஒரு நாவலைத் தவறாகக் கற்பித்திருக்கிறேன். இந்தப் பாடத்தை நடத்த எனக்குத் தகுதி இல்லை. வேறு ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.' வஜ்தி ஒரு வார்த்தை தடுக்கவில்லை. விடைத்தாள் கட்டைக்கூட அன்றே வாங்கி ஷாதி என்ற இளைஞரிடம் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்போதாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கோழை.

சனிக்கிழமை டாக்டரம்மா மறுபடி வந்தார். மடிக்கணினியைக் கல்லாவின் மேல் வைத்துத் திறந்தார்.

"பல்லூடகத் தாள் திருத்துறேன். ஒரு பொண்ணு அனுப்பினது. கேளுங்க."

முதலில் என் மெஷின் ஓடும் சத்தம். பிறகு தேநீர் விற்பவனின் கூச்சல். பிறகு என் குரல்: "சரி, கை தூக்குங்க. அவ புருஷன்கிட்டத் திரும்பட்டுமா, கடலுக்குப் போகட்டுமா?"

அவர் நிறுத்தவில்லை, மோதிரம் கடலில் விழும் வரை ஓடவிட்டார். எனக்குக் காது கொதித்தது.

"கேட்டிருந்தா நானே ஒத்துக்கிட்டிருப்பேன் டாக்டரம்மா" என்றேன், வெட்கங்கெட்டு.

"நான் கேட்டேன் அண்ணே" என்றார்.

அவர் கத்தியிருக்கலாம். இத்தனை வருடத்தில் யாரும் என்னை அவ்வளவு மெதுவாகப் பேசி அழ வைத்ததில்லை. கடையை இழுத்துச் சாத்திவிட்டு நபி தானியேல் தெருவுக்கு ஓடினேன். பழைய புத்தகக்காரர்கள் மழைக்குப் பிளாஸ்டிக் போர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். நான்காம் நாள், மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் ஒரு மூட்டைக்குள்ளிருந்து 'ஈரத் துணிகள்' வந்தது. முழுப் புத்தகம்.

அங்கேயே நின்று இருநூற்று நான்காம் பக்கத்தைப் பிரித்தேன். ராவியா கையைத் தூக்குகிறாள். அடியில் சின்னதாக 'முற்றும்' என்று போட்டிருந்தது. அடுத்த பன்னிரண்டு பக்கமும் பதிப்பகத்தின் பிற வெளியீடுகள், விலைப்பட்டியல், தபால் செலவு தனி.

ஓடினேன். கலைப்பிரிவு மாடிப்படியில் அந்தப் பையோடு ஏறிக்கொண்டிருந்தவரை நிறுத்திப் புத்தகத்தைக் கொடுத்தேன். படியிலேயே உட்கார்ந்து பார்த்தார். விலைப்பட்டியலை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். திடீரென்று சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

"அப்ப நான் சொன்னது சரிதானே?"

"ஒவ்வொரு வார்த்தையும் சரி டாக்டரம்மா."

சிரிப்பு மெல்ல நின்றது. "அங்க நிக்கத் தெரியணும்னு நூத்தி எண்பது பேருக்குச் சொன்னேன். ஒருத்தி நின்னா. மத்தவங்க உங்க நாலு பக்கத்த நம்பினாங்க. அவங்களச் சொல்லி என்ன? நானும் உங்களத்தான் நம்பினேன். நான் படிச்சத நானே நம்பல அண்ணே."

அந்த ஒருத்தி ஷுரூக். அவள் மட்டும் 'கதை கதவருகே முடிகிறது' என்று எழுதியிருந்தாள். புது ஆசிரியர் ஷாதி, 'விடை முழுமையாக இல்லை' என்று அவளை ஃபெயிலாக்கியிருந்தார். மற்ற அத்தனை பேரும் தேர்ச்சி.

இருவருமாக வஜ்தி அறைக்குப் போனோம். நான் செய்ததை நானே சொன்னேன். அவர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"கால அட்டவணை அச்சாயிடுச்சு இனாஸ். ஷாதி கையெழுத்துப் போட்டுட்டாரு. நீயே எழுதிக் குடுத்த கடிதம்தானே?"

"பாடத்தக் கேக்க வரல. இந்தப் பொண்ணோட மார்க்க மாத்துங்க. அதுக்குத்தான் வந்தேன்."

வஜ்தி, ஷாதியைக்கூடக் கூப்பிடாமல், முனகிக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். தும்பை விட்டு வாலைப் பிடித்ததில் கையில் வந்தது அந்த ஒரு மார்க் மட்டும்தான்.

இப்போது டாக்டரம்மாவுக்குப் பல்லூடக எழுத்து மட்டும்தான். வேலை செய்யும் கணினிகள் ஒன்பதாகக் குறைந்துவிட்டன. அவர் திருப்பிக் கொடுத்த அந்தப் புத்தகத்தை வைத்து நான் நோட்ஸைத் திருத்திவிட்டேன். முடிவை எடுத்துவிட்டு, கதவோடு நிறுத்தி, கீழே 'நாவல் இங்கேதான் முடிகிறது' என்று தடித்த எழுத்தில் போட்டேன்.

போன வாரம் அவர் கடையில் மாணவர்களின் கதைத்தாள்களை அச்செடுத்துக்கொண்டு நின்றார். புது வகுப்புப் பையன் ஒருவன் வந்து 'ஈரத் துணிகள்' நோட்ஸ் கேட்டான். கொடுத்தேன். கடைசிப் பக்கத்தைப் பார்த்து முகத்தைச் சுளித்தான்.

"இது தப்பு மாமா. கடலக் காணோமே. மோதிரத்தக் காணோமே."

"கடலும் இல்ல, கிடலும் இல்ல. கதவுகிட்டயே முடியுதுடா. புத்தகமே எங்கிட்ட இருக்கு, காட்டவா?"

"ஷாதி டாக்டர் நேத்துக்கூட ரெண்டு மணி நேரம் அந்த மோதிரத்தப் பத்தித்தான் பேசினாரு. சுதந்திரத்தோட அடையாளமாம்."

"அந்த மோதிரம் நான் போட்டதுடா! இந்தக் கையால!"

பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "நீங்க ஜெராக்ஸ் போடுறவரு மாமா. அவரு டாக்டரு. பழைய நோட்ஸ் இருந்தாக் குடுங்க."

நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். ஏதாவது சொல்லுங்களேன் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். அவர் தாள்களைத் தட்டி அடுக்கினார், பைக்குள் வைத்தார், பையைத் தோளில் ஏற்றினார்.

"ட்ராம் வந்துருச்சு அண்ணே" என்றார்.