அண்ணன் மாற்றிய கமான் பட்டை

காரின் பின்பாரத்தைத் தாங்கும் கமான் பட்டைகளை அண்ணன் தலைகீழாக மாட்டிவிட்டார் என்றுதான் நான் முதலில் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் ஊரையும் நம்பவைத்தேன். அண்ணனின் முதலாண்டுப் பூசைக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப் பேர், அன்று என் கூச்சலைக் கேட்டு ஓடிவந்தவர்கள்தாம்.

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், மானாவாரிக் காட்டை நம்பிய குடும்பத்தில் அண்ணன் மூத்தவராகப் பிறந்தார். அப்பா காலமானதும் பள்ளியை விட்டு லாரி கிளீனராகப் போனார். அறுபதுகளில், யாரோ வெள்ளைக்காரத் துரை ஓட்டிக் கழித்த கறுப்புக் காரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். பிரசவ வலிக்காரி, சந்தைக்காரர், சந்தையில் வாங்கிய ஆடு என்று எவரையும் இடமில்லையென்று இறக்கிவிட்டதில்லை. அறுவடைக் காலத்தில் பின் சீட்டைக் கழற்றிவிட்டு நிலக்கடலை மூட்டைகூட ஏற்றுவார்.

அந்த இரக்கம் முழுவதும் பின் சக்கரத்தின் மேல் இறங்கியது. தங்கையின் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு பட்டை முறிந்தது. கல்யாணம் கடத்தூர்ப் பக்கம் மாப்பிள்ளை ஊர்க் கோயிலில், செவ்வாய்க்கிழமை. மறுநாள் திருநீற்றுப் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரை கல்யாணம் கிடையாது. மாப்பிள்ளையோ பட்டாளத்துக்காரர், அந்த வாரமே லீவு முடிகிறது.

அண்ணன் சேலம் போய்ப் புதுப் பட்டைகள் வாங்கிவந்தார். ஜாக்கியால் தூக்கி, கருங்கல் அண்டக் கொடுத்து, துருவேறிய போல்ட்டுகளை மண்ணெண்ணெய் ஊற்றிக் கழற்றி, இரண்டு பக்கமும் மாற்றினார். ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது என் வேலை. பெரும்பாலும் தப்பானதையே கொடுத்தேன். ஜாக்கியை இறக்கினார். கார் தண்ணீர் குடிக்கும் ஆடு மாதிரி முன்னால் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"அய்யோ அண்ணா, தலைகீழா மாட்டிட்டீங்க! வழியிலேயே குட்டிக்கரணம் போடும்!"

"சும்மா இருடா. நீ கத்துற கத்துல கோழிகூட முட்டை வெக்காது."

அதற்குள் அத்தை வந்துவிட்டார். "என்ன சாமி இது, கன்னுக்குட்டியாட்டம் பின்னங்காலத் தூக்கிக்கிட்டு நிக்குது?"

தங்கை அழவே ஆரம்பித்தாள். "நான் பஸ்ஸுலயே போயிக்கறனுங்கண்ணா."

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்மா, நல்ல பட்டையோட இந்தக் காரு காலியா நின்னு நீ என்னிக்காவது பாத்திருக்கியா?"

யாரும் பார்த்ததில்லை.

சிரிப்பில் மறந்துவிடுவேன், நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு அண்ணன் நெஞ்சுவலியில் படுத்தபோது இரவெல்லாம் உடனிருந்த பங்கு மக்களுக்கும், தருமபுரி ஆஸ்பத்திரி நர்ஸம்மாக்களுக்கும், அவரைத் தோளில் சுமந்தவர்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை தங்கை, அத்தை, சித்தி, குழந்தைகள், இரும்புப் பெட்டி எல்லாம் ஏற ஏற, கார் மெல்லத் தணிந்து மட்டத்துக்கு வந்தது. கடைசியாக, செபமாலையும் கையுமாக நின்ற என்னையும் அண்ணன் உள்ளே திணித்துக் கதவைச் சாத்தினார். பூசை மணி அடிக்குமுன் தங்கையைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டார்.